அறுபது ரூபாய்ச் சான்றிதழ்... எத்தனை நாள் கூலி?

தேனியிலும் கம்பம் பள்ளத்தாக்கிலும் இ-சேவை மையங்களின் வாசலில் காத்திருக்கும் குடும்பங்கள்

கம்பத்தில் விடிவதற்கு முன்பே ஜீப்புகள் கிளம்பிவிடும். கம்பம்மெட்டுப் பாதையிலும் குமுளி மலைச்சாலையிலும் ஏறிப்போகும் அந்த ஜீப்புகளுக்குள், சேலைக்கு மேல் முழுக்கைச் சட்டையை மாட்டிக்கொண்டு, தூக்குவாளியை மடியில் வைத்தபடி பெண்கள் நெருக்கியடித்து உட்கார்ந்திருப்பார்கள். இடுக்கி மாவட்டத்து ஏலக்காய்த் தோட்டங்களில் அன்றாடக் கூலிக்குப் போகிறவர்கள். மே மாதம் வந்துவிட்டால், அந்த ஜீப்பில் ஏதாவது ஓர் இடம் திடீரென்று காலியாகும்.

"என்னத்தா, இன்னிக்கு வரலையா?"

"பிள்ளைக்கு சர்டிபிகேட் எடுக்கணும்க்கா. காலேஜ்ல கேக்குறாங்களாம்."

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வீடு அது. ஒன்பது மணிக்கு அந்தத் தாய், மகளோடு இ-சேவை மையத்தின் வாசலில் நிற்பார். கையில் ஜவுளிக்கடைப் பை. அதற்குள் ரேஷன் கார்டு, ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், லேமினேஷன் மஞ்சளித்துப்போன அப்பாவின் சாதிச் சான்றிதழ். ஒரு மணி நேரம் கழித்து உள்ளே கூப்பிடுவார்கள். கம்ப்யூட்டர் முன்னால் இருக்கும் தம்பி எல்லாவற்றையும் ஸ்கேன் செய்துவிட்டுக் கேட்பார்: "அக்கா, ஓடிபி வந்திருக்கும், சொல்லுங்க." அந்த நம்பர் அவருடைய வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அவர் வேறொரு ஜீப்பில் மேலே போய்விட்டார். தோட்டத்துக்குள் சிக்னல் கிடையாது. அன்றைய கூலி போனதோடு சரி. சான்றிதழ் வேலை ஆரம்பிக்கக்கூட இல்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் இது ஒரு குடும்பத்தின் கதை இல்லை. கூடலூர், காமயகவுண்டன்பட்டி, கோம்பை, தேவாரம், போடி என்று மலையடிவாரம் நெடுக, மேலே வேலைக்குப் போகிறவர்களின் வீடுகள் எல்லாவற்றுக்கும் பொதுவானது. சாதி, வருமானம், இருப்பிடம், முதல் பட்டதாரி என்று எந்தச் சான்றிதழானாலும் அரசு வைத்திருக்கும் கட்டணம் 60 ரூபாய். அதை வாங்கி முடிப்பதற்குள் ஒரு கூலிக்காரக் குடும்பம் இழக்கும் வேலைநாட்களின் கணக்கை யாரும் எழுதி வைப்பதில்லை.

வரிசை எங்கே போனது?

ஒரு காலத்தில் சான்றிதழ் என்றால் கர்ணமும் மணியமும்தான். பரம்பரையாக வந்த அந்தப் பதவிகளை 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒழித்தது. அந்த இடத்துக்குத் தேர்வு எழுதி வந்த கிராம நிர்வாக அலுவலர்கள், அதாவது வி.ஏ.ஓ.க்கள் வந்தார்கள். ஊர்ப் பெரிய வீட்டுத் திண்ணையில் கைகட்டி நிற்க வேண்டிய அவசியம் அத்தோடு போனது. சாதாரண மாற்றமில்லை அது. ஆனால் தாலுகா ஆபீஸ் மரத்தடி, மனு எழுதிக் கொடுப்பவர், ஸ்டாம்ப், "நாளைக்கு வாங்க" எல்லாம் அப்படியே இருந்தன.

2014 வாக்கில் அரசு கேபிள் டிவி நிறுவனம் தாலுகா ஆபீஸ்களில் இ-சேவை மையங்களைத் திறந்தது. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்களும் மகளிர் குழுக்களும் சேர்ந்துகொண்டன. மத்திய அரசின் பொதுச் சேவை மையங்கள் தனியாக ஓடின. 2023-இல் விண்ணப்பம் வாங்கிய 'அனைவருக்கும் இ-சேவை மையம்' திட்டம், படித்த இளைஞர்கள் யாரும் மையம் நடத்தலாம் என்று கதவைத் திறந்துவிட்டது. இன்றைக்கு பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஜெராக்ஸ் கடை, செல்போன் ரீசார்ஜ் கடை எல்லாவற்றிலும் அந்தப் பலகை தொங்குகிறது.

விண்ணப்பிக்கும் இடம்தான் இப்படி நாலாபக்கமும் பரவியது. முடிவெடுக்கும் இடம் நகரவே இல்லை. கடையில் ஏற்றிய மனு வி.ஏ.ஓ.விடம் போகிறது, பிறகு வருவாய் ஆய்வாளர், பிறகு துணை வட்டாட்சியர் அல்லது வட்டாட்சியர். தாள் போன பாதையில் இப்போது திரை போகிறது. நடுவில் எந்த மேசையில் நின்றாலும் மனுதாரர் மறுபடி நேரில்தான் அலைய வேண்டியிருக்கிறது.

▪ பெட்டிச் செய்தி: யார் கையெழுத்து?
பிற்படுத்தப்பட்ட, மிகப் பிற்படுத்தப்பட்ட வகுப்பினரின் சாதிச் சான்றிதழைத் துணை வட்டாட்சியர் நிலையிலும், பட்டியல் சாதியினரின் சான்றிதழை வட்டாட்சியரும் வழங்குகிறார்கள். பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர் கையெழுத்திட வேண்டும். ஆதரவற்ற விதவைச் சான்றிதழும் கோட்டாட்சியரிடம்தான். வாரிசுச் சான்றிதழ் வட்டாட்சியரிடம். மத்திய அரசு வேலைக்கும் கல்லூரிக்கும் கேட்கும் ஓ.பி.சி. சான்றிதழ் வேறு, மாநிலச் சாதிச் சான்றிதழ் வேறு. ஒன்றை வைத்துக்கொண்டு இன்னொன்றுக்குப் போய் நின்று திரும்பி வருகிற பிள்ளைகள் இன்னமும் இருக்கிறார்கள்.

மூன்று நகராட்சி, ஒரே தாலுகா

தேனி மாவட்டம் மதுரையிலிருந்து பிரிந்தது 1996-இல். ஐந்து தாலுகாக்கள்: தேனி, பெரியகுளம், ஆண்டிபட்டி, போடிநாயக்கனூர், உத்தமபாளையம். கம்பம் பள்ளத்தாக்கின் முக்கால்வாசி இந்தக் கடைசிப் பெயருக்குள் அடங்குகிறது. சின்னமனூர், கம்பம், கூடலூர் மூன்றும் நகராட்சிகள். மூன்றுக்கும் தாலுகா ஆபீஸ், பேரூராட்சியான உத்தமபாளையத்தில். கீழே முல்லைப்பெரியாற்றுப் பாசனத்து நெல்வயல்காரர்கள், பன்னீர் திராட்சைத் தோட்டக்காரர்கள், மேலே ஹைவேவிஸ் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான்.

மேகமலையில் இருக்கும் ஹைவேவிஸ் பேரூராட்சியிலிருந்து ஒருவர் சின்னமனூருக்கு இறங்க வேண்டுமென்றால், கொண்டை ஊசி வளைவுகளில் பாதி நாள் போய்விடும். அங்கே விண்ணப்பித்துவிட்டுத் திரும்பியவருக்குச் சில நாள் கழித்து ஒரு குறுஞ்செய்தி வருகிறது: கூடுதல் ஆவணம் வேண்டும். எந்த ஆவணம் என்று அந்தச் செய்தியைப் படித்துப் புரிந்துகொள்வது எளிதல்ல. மறுபடி பஸ், மறுபடி ஒரு நாள் லீவு. தேயிலைத் தோட்டத்தில் லீவு என்றால் சம்பளம் கிடையாது என்று பொருள்.

இவ்வளவு பெரிய தாலுகாவில், மே, ஜூன் மாதங்களில் வந்து குவியும் மனுக்களை அங்கே இருக்கிற சொற்பப் பேர் பார்க்க வேண்டும். வி.ஏ.ஓ.க்களுக்குச் சான்றிதழ் மட்டுமா வேலை? பயிர் அடங்கல், பட்டா மாறுதல், தேர்தல் வேலை, வெள்ளம், விபத்து, ஜமாபந்தி. அவர்களைக் குற்றம் சொல்லி இந்தப் பிரச்னையை முடித்துவிட முடியாது. பாதையில் எங்கே அடைக்கிறது என்று தெரிந்திருந்தும் அந்த இடத்தில் ஆள் போடாமல், கடைகளின் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டு போவதைத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

கிடைத்த நன்மை சின்னதல்ல

மாநிலத்தின் எந்த மூலையிலிருக்கும் மையத்திலிருந்தும் சொந்தத் தாலுகாவுக்கு விண்ணப்பிக்கலாம் என்பது பெரிய விஷயம். திருப்பூர் பனியன் கம்பெனியில் இருக்கும் ஆண்டிபட்டிப் பையன், அங்கேயே மனுப் போட்டுவிடலாம். இதற்காக ராத்திரி பஸ் ஏறி வர வேண்டியதில்லை.

இதன் அருமை மலைக்கிராமத்துக்காரர்களுக்கு இன்னும் நன்றாகத் தெரியும். சின்னூர், பெரியூர் இரண்டும் நிர்வாகக் கணக்கில் திண்டுக்கல் மாவட்டம், கொடைக்கானல் தாலுகா. அந்த மக்கள் ஆஸ்பத்திரிக்கும் சந்தைக்கும் இறங்குவது பெரியகுளத்துக்கு. சாலையில்லாத அந்த ஊர்களிலிருந்து நோயாளிகளை டோலி கட்டித் தூக்கி வரும் படங்களைப் பார்த்திருப்பீர்கள். கொடைக்கானல் ஆபீஸுக்குப் போட வேண்டிய மனுவை அவர்கள் பெரியகுளத்திலேயே போட முடிகிறது என்றால், மலையைச் சுற்றிக்கொண்டு போகும் ஒரு பயணமாவது மிச்சம்.

சான்றிதழில் வரும் டிஜிட்டல் கையொப்பமும் கியூ.ஆர். கோடும் அடுத்த நன்மை. 2000-ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் டிஜிட்டல் கையொப்பத்துக்கு மையில் போட்ட கையெழுத்தின் மதிப்பைத் தருகிறது. தொலைந்தாலும் மறுபடி பிரிண்ட் எடுத்துக்கொள்ளலாம். இதைத் தெரிந்துகொண்டும் சில இடங்களில் "ஒரிஜினல் சீல் எங்கே? பச்சை மையில் அட்டஸ்டேஷன் வாங்கி வா" என்று பிள்ளைகளைத் திருப்பி அனுப்புகிறார்கள். அப்படிக் கேட்பவர்களிடம், சான்றிதழ் எண்ணைப் போட்டு இணையத்தில் சரிபார்த்துக்கொள்ளச் சொல்லும் உரிமை பெற்றோருக்கு உண்டு.

ஒரு எழுத்து போதும், மனு திரும்பிவிடும்

மனு திரும்பி வருவதற்கான காரணங்களில் பெயர்தான் முதலில் நிற்கிறது. பள்ளிச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் பின்னால், ரேஷன் கார்டில் இனிஷியலே இல்லை. அப்பா பெயரில் கருப்பசாமி ஓரிடத்தில் கருப்புச்சாமி, ஆங்கிலத்தில் எழுதும்போது கடைசி எழுத்து ஓரிடத்தில் ஒய், இன்னோரிடத்தில் ஐ. எழுதியவர் யாரோ ஒரு பதிவாளர், யாரோ ஓர் ஆசிரியர், ஆதார் முகாமில் யாரோ ஓர் ஆபரேட்டர். அதைத் திருத்திக் காட்ட வேண்டிய பொறுப்பு மட்டும் பள்ளிக்கூடம் எட்டிப் பார்க்காத அந்தத் தகப்பனுக்கு.

முதல் பட்டதாரிச் சான்றிதழ் இன்னும் சிக்கல். குடும்பத்தில் இதற்கு முன் யாரும் பட்டம் வாங்கவில்லை என்று காட்ட வேண்டும். கூட்டு உறுதிமொழியில் வீட்டாரும் கையெழுத்திட வேண்டும். 2010-இல் தொடங்கிய இந்தச் சலுகையால் பொறியியல் உள்ளிட்ட தொழிற்படிப்புகளில் கல்விக் கட்டணச் சுமை குறைந்து, ஏராளமான வீடுகளில் முதல் பட்டதாரிகள் உருவாகியிருக்கிறார்கள். ஒரு குடும்பத்தில் ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்பதால் விசாரணை உண்டு. விசாரணைக்கு வி.ஏ.ஓ. வரும் நேரம் பகல். பகலில் வீட்டில் யார் இருக்கிறார்கள்? ஜீப் திரும்பி வரும்போது ஆபீஸ் பூட்டியாகிவிடும்.

தாமதத்தின் விலை

சான்றிதழ் தாமதமானால் என்ன ஆகும்? கவுன்சலிங் விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழை ஏற்றாத மாணவர் பொதுப்பிரிவில் வைக்கப்படுவார். இடஒதுக்கீட்டில் கிடைத்திருக்க வேண்டிய கல்லூரி, அந்த ஒரு கோப்பு இல்லாததால் கை நழுவும். அடுத்த வாரம் சான்றிதழ் வந்துவிடும், ஆனால் கடைசித் தேதி காத்திருக்காது. கல்வி உதவித்தொகைக்கு வருமானச் சான்றிதழ் வேண்டும். பிற்படுத்தப்பட்டோருக்கும் பட்டியல் சாதியினருக்குமான உதவித்தொகையில் வருமான உச்சவரம்பு ஆண்டுக்கு 2.5 லட்சம் ரூபாய். ஜீப்பில் போகும் குடும்பங்கள் அந்த வரம்பை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. ஆனாலும் எட்டவில்லை என்று ஆபீஸ் எழுதிக் கொடுத்தால்தான் பணம். தேதி தவறினால் ஒரு வருடத்து உதவித்தொகை போய், அந்த இடத்தில் ஒரு வட்டிக்கடன் உட்கார்ந்துகொள்கிறது.

பெண்களுக்கு இது இன்னும் கடுமை. கணவரால் கைவிடப்பட்டவர் என்று சான்றிதழ் வாங்கப் போகும் பெண், ஜெராக்ஸ் கடையில் பத்துப் பேர் காதுபடத் தன் வாழ்க்கையைச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2023 ஆகஸ்ட் முதல் 1,200 ரூபாயாக உயர்ந்த விதவை ஓய்வூதியத்துக்கு மனுப் போடும் மூதாட்டிக்கு, விரல் ரேகை தேய்ந்துபோய்க் கருவி ஏற்கவில்லை என்று பதில் வருகிறது. வாழ்நாளெல்லாம் களை பறித்த விரல் அது.

2023 செப்டம்பரில், கலைஞர் மகளிர் உரிமைத் தொகை கிடைக்காதவர்கள் இ-சேவை மையங்கள் வழியாக மேல்முறையீடு செய்யலாம் என்று அரசு அறிவித்தபோது நடந்ததை நினைத்துப் பாருங்கள். மாநிலம் முழுக்க மையங்களின் வாசலில் பெண்கள் திரண்டார்கள், இணையதளம் முடங்கியது. ஒரே நேரத்தில் லட்சக்கணக்கானோரை இந்தச் சிறிய கடைகளின் பக்கம் திருப்பிவிட்டால், கடையும் தாங்காது, சர்வரும் தாங்காது.

▪ பெட்டிச் செய்தி: கையில் இருக்க வேண்டியது
ரசீது. இதைக் கேட்டு வாங்காமல் கடையை விட்டு இறங்காதீர்கள். அதிலிருக்கும் விண்ணப்ப எண்ணை வைத்து மனு எந்த மேசையில் நிற்கிறது என்று பார்க்கலாம். வருவாய்த் துறைச் சான்றிதழ்களுக்குக் கட்டணம் 60 ரூபாய், ஓய்வூதிய மனுவுக்கு 10 ரூபாய். கூடுதலாகக் கேட்டால் இ-சேவை உதவி எண் 1800-425-6000, முதல்வரின் உதவி எண் 1100. மனு முடங்கிக் கிடந்தால் 10 ரூபாய் கட்டித் தகவல் உரிமைச் சட்டத்தில் காரணம் கேட்கலாம். 30 நாளில் பதில் தர வேண்டும். கலெக்டர் ஆபீஸில் திங்கள்கிழமை குறைதீர் நாள். ஓடிபி வரும் போனை மனுப் போடும் நாளில் கூடவே கொண்டு போங்கள்.

மலைக்கு மேலே

பளியர், முதுவர் குடியிருப்புகளில் பிரச்னை இன்னும் ஆழமானது. கூடலூரை அடுத்த பளியன்குடி, போடிக்கு மேலே குரங்கணிப் பக்கத்து முதுவாக்குடி, வருசநாட்டு மலைக் குடியிருப்புகள் என்று இந்த மாவட்டத்துப் பழங்குடிகள் சிதறிக் கிடக்கிறார்கள். அவர்களுடைய சான்றிதழில் கையெழுத்திட வேண்டியவர் கோட்டாட்சியர். தேனி மாவட்டத்தில் இரண்டே கோட்டங்கள்: பெரியகுளம், உத்தமபாளையம். முதுவாக்குடியிலிருந்து ஒரு குழந்தையின் அப்பா மனுவுக்குப் போடி இறங்க வேண்டும், விசாரணைக்குக் கூப்பிட்டால் உத்தமபாளையம் வரை போக வேண்டும்.

போலிச் சான்றிதழைத் தடுக்கத்தான் இந்தக் கூடுதல் விசாரணை. நியாயம்தான். ஆனால் தலைமுறை தலைமுறையாக ஒரே மலையில் வாழ்ந்து வரும் ஒருவரிடம், "உன் அப்பாவின் சான்றிதழ் எங்கே?" என்று கேட்டால் அவர் எதைக் காட்டுவார்? அப்பா பள்ளிக்கூடம் போனதில்லை, அதனால் சான்றிதழ் எடுத்ததில்லை. அப்பாவிடம் இல்லாததால் மகனுக்குத் தாமதம். சான்றிதழ் இல்லாததால் மேல்படிப்பு நிற்கிறது. இப்படியே விட்டால் பேரனிடமும் அதே கேள்விதான் வரும். இங்கே கடை திறந்து பயனில்லை. கோட்டாட்சியரும் வருவாய் ஆய்வாளரும் குடியிருப்புக்கே போய் உட்கார்ந்து, ஒரே நாளில் எல்லாக் குழந்தைகளுக்கும் முடித்துக் கொடுப்பது ஒன்றே வழி.

எல்லைக்கு அந்தப் பக்கம்

குமுளிக்கு அப்பால் வேறு மாதிரியான வரிசை ஒன்று இருக்கிறது. 1956 நவம்பரில் மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தோடு போயின. அங்கே தேயிலை, ஏலத் தோட்டங்களிலேயே தங்கிவிட்ட தமிழ்க் குடும்பங்கள் பல, பட்டியல் சாதியைச் சேர்ந்தவை. 1950 ஆகஸ்ட் 10-ஆம் தேதி, பட்டியல் சாதிகளைக் குறித்த குடியரசுத் தலைவரின் ஆணை வெளியான நாள். அதற்குப் பிறகு குடிபெயர்ந்தவர்களுக்குப் போன மாநிலத்தில் பட்டியல் சாதிக்கான சலுகை கிடையாது என்பது விதி. மர்ரி சந்திரசேகர ராவ் வழக்கில் 1990-இல் உச்ச நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. அந்தத் தேதிக்கு முன்பே தாத்தா அங்கே இருந்தார் என்று பேரன் நிரூபிக்க வேண்டும். லயத்து வீட்டில் பிறந்து லயத்து வீட்டிலேயே இறந்த ஒரு கூலித் தொழிலாளி, எழுபது வருடத்துக்கு முந்தைய காகிதத்தை எங்கே பத்திரப்படுத்தியிருப்பார்?

கேரளத்தின் அக்ஷயா மையங்கள் 2002-இல் மலப்புரத்தில் தொடங்கியவை, இ-சேவைக்கு மூத்தவை. எவ்வளவு நல்ல மையமானாலும் இல்லாத காகிதத்தை ஸ்கேன் செய்ய முடியாது. கடைசியில் அந்தக் குடும்பத்தின் பிள்ளை, தாத்தாவின் ஊரான கம்பத்துக்கோ போடிக்கோ இறங்கி வந்து இங்கே கேட்கிறான். இங்கே அவனுக்கு ரேஷன் கார்டு இல்லை, வீடு இல்லை, அவனைத் தெரியும் என்று சொல்ல அக்கம்பக்கத்து ஆள் இல்லை. இரண்டு மாநிலத்துக்கும் உழைத்த குடும்பத்தை இரண்டு மாநிலமும் அடுத்த கதவைக் காட்டி அனுப்புகின்றன. தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்கள் முல்லைப்பெரியாறு விவகாரத்துக்கு உட்கார்ந்து பேசுவது போல இதற்கும் உட்கார வேண்டும்.

கடைக்காரரின் கணக்கு

60 ரூபாய் சேவைக்கு 100, 150, 200 என்று வாங்குகிறார்கள் என்பது எங்கும் கேட்கும் குறை. வாங்குவது தவறு. அதில் இரண்டு கருத்தில்லை. ஆனால் அந்த இளைஞரின் பக்கத்தையும் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர், பிரிண்டர், ஸ்கேனர், ரேகைக் கருவி, இணையம், கடை வாடகை எல்லாம் அவர் பொறுப்பு. கட்டணத்தில் ஒரு பங்குதான் அவருக்கு. சர்வர் படுத்துவிட்டால் அன்றைய வருமானமும் படுத்துவிடும். பெயர் பொருந்தாத மனுவைச் சரிசெய்ய ஒரு மணி நேரம் செலவழித்தாலும், ஐந்தே நிமிடத்தில் முடிந்த மனுவுக்கான அதே பங்குதான் கிடைக்கும். பொறுமையாக விளக்கிச் சொல்பவருக்கு நஷ்டமும், அவசரமாக ஏற்றித் தள்ளுபவருக்கு லாபமும் தரும் கணக்கு இது. அவசரமாக ஏற்றிய மனுதான் மங்கலான ஸ்கேனோடும் தவறான எழுத்தோடும் போய் மறுபடி திரும்பி வருகிறது.

சில மையங்களில் பெண்கள் இருக்கிறார்கள். மகளிர் குழுவிலிருந்து வந்தவர்கள், ஊரில் எல்லோர் வீட்டையும் அறிந்தவர்கள். ஓய்வூதிய மனுவுக்கு வரும் ஆத்தாவின் கையைப் பிடித்து ரேகை வைப்பவர்கள். எழுதத் தெரியாதவர் தலைகுனியாமல் உள்ளே போய்வர முடிகிறது என்றால், அது இவர்களால்தான். உதவிக்கென்று அரசு தனியாக ஒரு தொகை கொடுத்தால், இப்படிப்பட்டவர்கள் தாக்குப்பிடிப்பார்கள்.

நேரம் சொல்லுங்கள்

பள்ளத்தாக்கு மக்களுக்கு உடனடியாகத் தேவைப்படுபவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. ஏப்ரல் தொடங்கி ஜூலை வரைக்குமாவது ஜீப் திரும்பும் மாலை நேரத்தில் வி.ஏ.ஓ. விசாரணை. ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பத்திலும் கூடலூரிலும் ஹைவேவிஸிலும் வருவாய் முகாம். ரிசல்ட் வந்த பிறகு ஓடுவதற்குப் பதில், ஆறாம் வகுப்பிலேயே பள்ளி வழியாகச் சாதி, இருப்பிடச் சான்றிதழ் வாங்கித் தரும் நடைமுறையை ஒரு பிள்ளை விடாமல் நிறைவேற்றுவது. மனுவைத் திருப்பி அனுப்பும்போது என்ன குறை, எதைக் கொண்டு வர வேண்டும் என்று நேரான தமிழில் இரண்டு வரி.

அதோடு, எத்தனை நாளில் தர வேண்டும் என்பதைச் சட்டம் சொல்ல வேண்டும். மத்தியப் பிரதேசம் 2010-லேயே பொதுச் சேவைகளுக்குக் காலக்கெடு வைத்துச் சட்டம் போட்டது. அடுத்த ஆண்டு பீகார், 2012-இல் கேரளம். தமிழ்நாட்டில் சேவை உரிமைச் சட்டம் கொண்டுவருவோம் என்று 2021 சட்டமன்றத் தேர்தலில் தி.மு.க. வாக்குறுதி கொடுத்தது. அந்த வாக்குறுதி நெடுங்காலம் சட்டமாகாமலே கிடந்தது. 'மக்களுடன் முதல்வர்', 'உங்களுடன் ஸ்டாலின்' என்று முகாம்கள் வந்தன. முகாமில் மனு கொடுத்துப் பலன் அடைந்தவர்கள் உண்டு. ஆனால் முகாம் முடிந்ததும் பந்தலைப் பிரித்துவிடுவார்கள். மறுநாள் மனுப் போடுகிறவருக்கு அது இல்லை.

குமுளியில் ஒருவர் கேரளத்து ஆபீஸில் மனுக் கொடுத்தால், குறித்த நாளில் தராத அதிகாரிக்கு எதிராக மேல்முறையீடு செய்யலாம். தவறு உறுதியானால் அந்த அதிகாரிக்கு அபராதம் உண்டு. மலை இறங்கி லோயர் கேம்ப்புக்கு வந்துவிட்டால், இங்கே மனுக் கொடுப்பவருக்கு அந்தப் பிடிமானம் இல்லை. கம்பம், போடி, ஆண்டிபட்டி, பெரியகுளம் நான்கு சட்டமன்றத் தொகுதிகளிலும் ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம், அதிகாலையில் ஜீப் கிளம்பும் இடத்திலேயே நின்று இந்த மக்கள் கேட்க வேண்டிய கேள்வி: என் மனுவுக்கு எத்தனை நாள், தராவிட்டால் யார் பொறுப்பு?